கான் வெட்ட ஆளில்லாத மலை

இலங்கையின் தேயிலை மலையில் பிறந்தவர்களுக்குக் ‘கான்’ என்றால் காடு அல்ல, வாய்க்கால். சரிவுக்குக் குறுக்கே, ஏறத்தாழ சமமட்டமாக, ஒன்றரை அடி ஆழத்தில் வெட்டப்பட்டிருக்கும். உச்சியில் பெய்யும் மழை நேராகக் கீழே பாயாமல் இந்தக் கானில் விழும். வேகம் தணிந்து பக்கவாட்டில் நடந்து, கருங்கல் பதித்த பெரிய கானைச் சேர்ந்து ஓடைக்குப் போகும். கானுக்குள்ளே சில அடிக்கொரு குழி இருக்கும். தண்ணீர் அடித்துவரும் மண் அந்தக் குழியில் படியும். மழை ஓய்ந்ததும் அதை அள்ளித் தேயிலைத் தூருக்கே திருப்பிப் போட வேண்டும். பழந்தமிழில் காட்டைக் குறித்த சொல், காட்டை அழித்த இடத்தில் மண்ணைப் பிடித்துவைக்க வெட்டிய வாய்க்காலுக்குப் பெயராக வழங்குவதைச் சின்ன வயதில் நான் கவனித்ததில்லை. இப்போது அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் கவனிக்கிறேன்.

என் தாத்தா கான் வெட்டுக்காரர். மேற்குச் சரிவில் ஜூன் மழை இறங்குவதற்கு முன் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வரிசையாக மலையில் நிற்பார்கள். தாத்தா நூல் பிடிக்கமாட்டார். மண்வெட்டியை நட்டுவைத்து, பிடியின் மேலாக எதிர்மலையைப் பார்த்தே வாட்டத்தைக் கண்டுகொள்வார். கானின் தரை அதிகம் சாய்ந்தால் தண்ணீர் கானையே அறுத்துவிடும். சாய்வு போதாவிட்டால் தேங்கி நிரம்பி, ஓரிடத்தில் கரையை உடைத்துக்கொண்டு மொத்தமாக இறங்கும். இரண்டுக்கும் நடுவிலான அந்த வாட்டம் அவர் கண்ணில் இருந்தது. ஒரு நாளைக்கு இவ்வளவு நீளம் என்று கணக்கு. முடித்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம், முடிக்காவிட்டால் அரைப்பேர்.

அவர் வேலை செய்த மலைக்குச் சென்ற ஆண்டு போயிருந்தேன். கானைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மண் மூடி, அதன்மேல் மானாப்புல் ஆள் உயரத்துக்கு நின்றது. தேயிலைச் செடிகள் கவ்வாத்து, அதாவது கிளை வெட்டு, இல்லாமல் மரமாக உயர்ந்திருந்தன. செடிகளுக்கு நடுவே விரல் நுழையும் அகலத்தில் புதிய அறுப்புகள், மேலிருந்து கீழாக நேர்கோட்டில் ஓடின. தண்ணீர் தனக்கு வேண்டிய வழியை எடுத்துக்கொண்டிருந்தது.

சுற்றுச்சூழல் பாடத்தில் நமக்குச் சொல்லித்தரும் வரிசை இது: மக்கள் பெருகுகிறார்கள், உணவுக்காகக் காட்டை அழிக்கிறார்கள், மண் கெடுகிறது, பிழைக்க வழியின்றி வேறிடம் போகிறார்கள். 1798இல் மால்தஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், மக்கள்தொகை வளரும் வேகத்துக்கு உணவு உற்பத்தி ஈடுகொடுக்காது என்று எழுதியதிலிருந்து இந்த எண்ணம் பல வடிவங்களில் உலவிவருகிறது. 1965இல் டென்மார்க்கைச் சேர்ந்த எஸ்தர் போசரப் இதற்கு மாற்று வாதம் வைத்தார். ஆட்கள் கூடும்போது நிலத்தைப் பேணும் கைகளும் கூடுகின்றன, நெருக்கடியில் மனிதர்கள் புதிய விவசாய முறைகளுக்கு மாறுகிறார்கள் என்பது அவர் வாதம். இலங்கை மலைநாட்டை வைத்துப் பார்த்தால் இரண்டும் பாதிதான் பொருந்துகின்றன. இங்கே வரிசை தலைகீழ். காட்டை அழிக்கும் முடிவு முதலில் வந்தது. அந்த முடிவுக்காக ஆட்கள் வரவழைக்கப்பட்டார்கள். இப்போது ஆட்கள் போகப் போக மண் கெடுகிறது.

முதலில் காடு, பிறகு ஆள்

1815இல் கண்டி இராச்சியம் பிரிட்டிஷார் கைக்குப் போனபோது, மலைநாட்டின் பள்ளத்தாக்குகளில் நெல்வயல் இருந்தது. வயலுக்கு மேலே பலா, கமுகு, கித்துள், மிளகு எல்லாம் கலந்த வீட்டுத் தோட்டம். அதற்கும் மேலே சில ஆண்டுகளுக்கொருமுறை மாறி மாறிக் காட்டை எரித்துச் செய்யும் சேனைப்பயிர். உயரத்தில் காடு, ஆங்காங்கே பத்தனை என்னும் புல்வெளி. இன்றும் கண்டிப் பக்கத்தில் மிச்சமிருக்கும் வீட்டுத் தோட்டங்களில் மண் அரிப்பு மிகமிகக் குறைவு. களையைச் சுரண்டி வெறும் தரையாக வைத்த பழைய தேயிலை நிலத்தில் போகும் மண் அதைப்போல் பல நூறு மடங்கு. மண்ணை அளந்து பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு இது. ஒரே மலை, ஒரே மழை. மாறியது பயிர்செய்யும் விதம்.

1820களில் கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் அரசின் சொத்தாகக் கருத வழிசெய்தது. அரசு அதைத் தோட்டக்காரர்களுக்கு விற்றது. மரத்தை வெட்டி, காயவிட்டு, தீ வைத்து, சாம்பலில் கோப்பி நட்டார்கள். வெட்டும் வேலைக்குப் பல இடங்களில் அயல் சிங்களக் கிராமத்தவர்கள் ஒப்பந்தத்தில் வந்தார்கள். ஆனால் தங்களுக்கென வயல் வைத்திருந்த அவர்கள், ஆண்டு முழுதும் துரையின் மணிக்குக் கட்டுப்பட்டு நிற்கத் தயாராக இல்லை.

அந்த இடத்தை நிரப்ப வந்தவர்கள்தான் எங்கள் முன்னோர். திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை என்று மழை பார்த்துப் பயிர்செய்யும் சீமைகளிலிருந்து வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் இல்லை. சாதி அவர்களை நிலத்தில் உழைக்க மட்டுமே விட்டிருந்தது. மழை பொய்த்து ஏரி வற்றினால் முதலில் பட்டினி கிடப்பது அவர்களே. 1876 முதல் 1878 வரை தமிழ்நாட்டை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தில் கடல் கடந்தவர்களின் எண்ணிக்கை எகிறியது. எனவே இந்த இடப்பெயர்வுக்குப் பின்னாலும் சுற்றுச்சூழல் இருக்கிறது, ஆனால் அது இந்தக் கரையின் சுற்றுச்சூழல் அல்ல. ஒரு மண்ணின் வறட்சியும் சாதியும் தள்ளிவிட்டவர்களை இன்னொரு மண்ணின் காடழிப்பு இழுத்துக்கொண்டது. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கு எழுதப்படவில்லை. 2023இல், இருநூறு ஆண்டு நினைவாக, அந்தப் பாதையில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மறுபடி நடந்தார்கள்.

கோப்பிக் காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். 1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் படிந்ததுபோல் ஒரு பூஞ்சை நோய் தென்பட்டது. மலைக்கு மலை ஒரே பயிராக நட்டிருந்ததால் நோய்க்குத் தடை எதுவும் இருக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் சரிந்தது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத் துரை லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி விட்டுச்சென்ற மலைகளைத் தேயிலை எடுத்துக்கொண்டது. அதுவும் போதாமல் இன்னும் மேலே ஏறியது. 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டை விட்டுவைக்கும்படி காலனி அரசுக்கு ஆலோசனை சொன்னார். ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் இன்று மிஞ்சியிருப்பதில் அந்த ஆலோசனைக்குப் பங்குண்டு. 2010இல் அவை இரண்டும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடு சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

தேயிலை வந்ததும் குடியிருப்பின் தன்மையே மாறியது. கொழுந்து ஆண்டு முழுவதும் வளரும். ஏழெட்டு நாளுக்கொருமுறை பறித்தே ஆக வேண்டும். அதற்குக் குடும்பத்தோடு ஆள் வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள், கான் வெட்டவும் கவ்வாத்துக்கும் முள்ளுக் குத்தி மண்ணைக் கிளறவும் ஆண்கள். அவர்களைத் தங்கவைக்கப் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராக்களாக, அதாவது அறைகளாக, லயங்கள் என்னும் வரிசை வீடுகள் எழுந்தன. 2012 கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்தில் ஏழு லட்சத்துப் பதினோராயிரம் பேர். அவர்களில் பாதிக்கு மேல் மலையகத் தமிழர். இந்த எண்ணைக் காட்டி மலையில் ஆள்நெருக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. நெருக்கம் லயத்தில்தான் இருக்கிறது. ஒரு லயத்தின் இருபது காம்பராவில் நூறு பேர் நெருக்கிக்கொண்டிருக்க, வாசலைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு வீடும் இல்லாத பச்சை.

மண் எங்கே போகிறது

வெள்ளைக்காரத் துரைமாருக்கு மலை துப்புரவாக இருக்க வேண்டும். ஒரு புல் தெரியக்கூடாது. சுரண்டியால் புல்லை வழித்தெடுக்கும்போது மேல்மண்ணும் சேர்ந்தே வந்தது. கோப்பிக் காலத்திலிருந்து நூறாண்டுக்கும் மேலாக இப்படிச் சுரண்டியதில் ஏறத்தாழ ஓர் அடி மேல்மண் போயிருக்கும் என்பது மண்ணியலாளர்களின் மதிப்பீடு. கானும், மண்ணைத் தடுக்கச் சரிவில் கல் அடுக்கிக் கட்டிய கல்லணையும் இல்லாதிருந்தால் இன்னும் போயிருக்கும். மண்ணை இழக்கச் செய்த சுரண்டியும் மண்ணைக் காத்த மண்வெட்டியும் ஒரே கங்காணியின் கட்டளைக்குத்தான் ஓடின. சுரண்டியைப் பிடித்தவர்களுக்கு அதைக் கீழே வைக்கும் உரிமை இருக்கவில்லை.

போன மண் எங்கோ போய்ச் சேரத்தான் வேண்டும். மகாவலி, களனி, வளவை மூன்றும் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன. காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று அடுக்கடுக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள் நாட்டுக்கு மின்சாரமும் வடமத்திய வயல்களுக்குத் தண்ணீரும் தருகின்றன. கண்டிக்கு அருகே 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லைத் தேக்கம், 12 ஆண்டுகளில் தன் கொள்ளளவில் 40 சதவீதத்துக்கு மேல் வண்டலால் நிரம்பிவிட்டது. வெலிமடைப் பக்கத்து மரக்கறி நிலங்களைக் கழுவிக்கொண்டு வரும் உமா ஓயா, ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் மண்ணைக் கொட்டுகிறது. சரிவான நிலத்தில் பயிரிடுவதைக் கட்டுப்படுத்த 1951இலேயே மண்பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது, மழைக்காலத்தில் மகாவலி செம்மண் நிறத்தில்தான் ஓடுகிறது.

மரக்கறியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய மலைநாட்டில் மண்ணின் கதி தேயிலையைவிட அங்கேதான் வேகமாகத் தீர்மானிக்கப்படுகிறது. 1960களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதியை அரசு நிறுத்தியது. வெலிமடை, பண்டாரவளை, நுவரெலியாப் பகுதிகளில் கிழங்குக்கு நல்ல விலை கிடைத்தது. பத்தனைப் புல்வெளிகளும் பராமரிப்பற்ற தேயிலையும் மரக்கறித் தோட்டங்களாயின. பிறகு கரட், லீக்ஸ், கோவா என்னும் முட்டைக்கோஸ், பீட்ரூட் எல்லாம் வந்தன. சிங்களக் கிராமத்தவர்களும் தமிழர்களும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் ஒரே பயிரைச் செய்யும் இடங்கள் இவை. கந்தப்பளை, ராகலைப் பக்கத்தில் விடிகாலையில் நின்றால், கழுவிய கரட்டும் லீக்ஸும் ஏற்றிய லொறிகள் வரிசையாக இறங்குவதைப் பார்க்கலாம்.

கிழங்குப் பாத்தியைக் கிட்டே போய்ப் பாருங்கள். பாத்தியும் பாத்திக்கு நடுவிலுள்ள சாலும் பெரும்பாலும் சரிவின் போக்கிலேயே, மேலிருந்து கீழாக இருக்கும். படித்தவர்கள் வந்து இது தவறு, குறுக்கே போட வேண்டும் என்பார்கள். விவசாயிக்கும் அது தெரியும். ஆனால் குறுக்கே போட்டால் சாலில் நீர் நின்று, இரண்டு நாளில் கிழங்கு அழுகும். கடன் வாங்கி விதைக்கிழங்கு வாங்கியவர் மண்ணைக் காப்பாற்றுவாரா, கிழங்கைக் காப்பாற்றுவாரா? கல் அடுக்கிப் படிக்கட்டு நிலமாக்கி, ஒவ்வொரு படிக்கும் வடிகால் வைத்தால் இரண்டையும் காப்பாற்றலாம். அதற்கு உழைப்பும் முதலும் ஆண்டுக்கணக்கான பொறுமையும் வேண்டும். ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் யாரும் கல் அடுக்கமாட்டார்கள். சொந்த நிலம் வைத்திருப்பவர்கள் தலைமுறையாக அடுக்கிய கல்வரிசைகளை வெலிமடைப் பக்கத்தில் நிறையவே பார்க்கலாம்.

மண் போகப்போக அதன் இடத்தைப் பசளை நிரப்பியது. கோழி எரு லொறி லொறியாக மலையேறுகிறது, அதன்மேல் இரசாயனப் பசளை, அதன்மேல் கிருமிநாசினி. ஆண்டுக்கு மூன்று போகம், ஓய்வு என்பதே இல்லாத நிலம். நுவரெலியா மரக்கறி மண்ணில் பயிர் உறிஞ்ச முடியாத அளவுக்குப் பொசுபரசு தேங்கியிருக்கிறது. மழை அதைக் கழுவி நீர்த்தேக்கத்தில் சேர்க்கிறது. 1990களின் தொடக்கத்தில் கொத்மலை நீர்த்தேக்கத்தில் பச்சைப் பாசி பூத்ததற்கு இந்த ஊட்டம்தான் காரணமாகப் பேசப்பட்டது. இந்த நிலையில் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு ஒரே நாளில் தடைசெய்தது. பசளைக்குப் பழகிய மண்ணைப் பழக்கத்திலிருந்து மீட்க ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளைத் தராமல் பசளையை மட்டும் நிறுத்தியதில் விளைச்சல் விழுந்தது; தேயிலையும் அடிபட்டது. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பசளையின் விலை பல மடங்காகியிருந்தது. தடையின் நோக்கம் மண்ணைக் காப்பாற்றுவது என்றார்கள். நான் அறிந்த விவசாயிகளுக்கு மிஞ்சியது கடனும், ‘இயற்கை விவசாயம்’ என்ற சொல்லின் மேலேயே ஒரு கசப்பும். இந்தக் கசப்புதான் எனக்கு அதிகம் வருத்தம் தருகிறது. பாசி பூத்த தேக்கத்தையும் செத்த மண்ணையும் பற்றி அவர்களோடு மறுபடி பேசத் தொடங்க இனி நீண்ட நாள் பிடிக்கும்.

எண்ணப்பட்ட மக்கள்

மலைநாட்டில் மக்கள்தொகை தானாகக் கூடவுமில்லை, தானாகக் குறையவுமில்லை. ஒவ்வொரு முறையும் யாரோ எங்கோ உட்கார்ந்து அந்த எண்ணை எழுதினார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். கப்பலேறியவர்களில் பலர் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் மலைகள் திருத்தப்பட்டன. அதே கைகள் அதே செடியை நட்டன. நூறாண்டுக்கு முன் கண்டி மலையில் நடந்தது அங்கே மறுபடி நடந்தது. இந்த முறையும் எங்கே எதை நடுவது என்ற முடிவு அவர்களுடையதாக இருக்கவில்லை. இன்னும் பலர் 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. துண்டாடிக் கொடுக்கப்பட்ட நிலத்தில் தோட்டத் தொழிலாளிக்குப் பங்கில்லை. பல இடங்களில் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைச் சுவீகரிக்கும் முயற்சிக்கு எதிராக 1977 மே மாதம் எழுந்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் சுட்டுக்கொல்லப்பட்டார். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது, முதலில் வெறும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில். நல்லதொரு தேயிலைச் செடி அரை நூற்றாண்டு பலன் தரும். அதை நடுவதற்கு முன் பழைய செடியைப் பிடுங்கி, மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, ஒன்றரை ஆண்டுக்கு மேல் மண்ணை ஆறவிட வேண்டும். ஐந்தாண்டு நிர்வாகிக்கு அதில் என்ன இலாபம்? குத்தகைக் காலம் பின்னர் நீட்டப்பட்டது. ஆனால் ஆண்டுக்கு 2 சதவீத நிலத்திலாவது மறுநடுகை நடக்க வேண்டும் என்ற பரிந்துரை பெரும்பாலும் காகிதத்தில்தான் நிற்கிறது.

மண்ணை ஆறவைக்க நட்ட மானாப்புல் இன்று கைவிட்ட மலைகளில் காடாக நிற்பதற்கு இதுவே பின்னணி. 1992இல் மூன்று லட்சத்துக்கும் மேலிருந்த கம்பனித் தோட்டத் தொழிலாளர் தொகை இன்று அதில் பாதிகூட இல்லை. நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டவே 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் கொழும்பில் கடைக்கோ கட்டட வேலைக்கோ போன பிள்ளைகள் அதைவிட அதிகம் சம்பாதித்தார்கள். தாய்மார் மத்திய கிழக்குக்குப் போனார்கள். அவர்கள் போனதை நான் குறைசொல்லமாட்டேன். தோட்டத்தை விட்டுப் போகத்தான் எங்கள் தலைமுறையைப் படிக்கவைத்தார்கள்.

ஆள் குறைந்ததும் நிர்வாகம் முதலில் நிறுத்தியது கொழுந்து பறிப்பை அல்ல. கொழுந்து அன்றாடம் பணமாகிறது. நிறுத்தியது கான் வெட்டை, முள்ளுக் குத்தை, கல்லணை கட்டுவதை. செய்யாவிட்டால் இந்த மாதம் நட்டம் தெரியாத வேலைகள் அவை. புல் மண்டிய மலையில் நிழல்மரத்துக் கிளைகளில் குளவி கூடு கட்டுகிறது. கொழுந்தெடுக்கும் பெண்களைக் குளவி கொட்டியது என்ற செய்தி இல்லாத மாதம் அரிது. சிறுத்தைக்கும் அதே புதர்தான் மறைவு. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை மூன்று நாளில் செத்தது.

பீலி வற்றுவதும் இந்தக் கணக்கில் சேரும். மலையுச்சியில் விட்டுவைத்த சிறுகாடு பனியையும் மழையையும் பிடித்து, ஊறவைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். அந்த ஊற்றுக்கு ஒரு மூங்கிலையோ தகரத்தையோ வைத்தால் பீலி. லயத்துப் பெண்கள் குளிப்பது, துவைப்பது, ஊர்க்கதை பேசுவது எல்லாம் பீலிக்கரையில்தான். உச்சிக் காட்டை வெட்டி, விறகுக்காக டர்பன்டைன் மரம் நட்ட இடங்களில் மார்ச் மாதத்துப் பீலி நூலாக இறங்குகிறது.

போகாத மக்கள்

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடம் மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பிறகு எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: தெரிந்திருந்தும் ஏன் போகவில்லை?

எங்கே போவது? லயம் தோட்டத்துக்குச் சொந்தம். காணி அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்கு. வேலைக்குப் பேர் பதிந்தவருக்குத்தான் காம்பரா. காம்பராவை விட்டால் வேலை போகும், பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும், கடிதம் வரும் முகவரியே போகும். பக்கத்துக் கிராமத்தில் ஒரு துண்டுக் காணி வாங்கப் பணமும் இல்லை, விற்பாரும் இல்லை. மலை இறங்கிய பிறகு தப்பியவர்களுக்குப் புதுவீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின; அதுவரை ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் தங்கியிருந்தார்கள். 2025 நவம்பரின் கடைசி நாட்களில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் மறுபடி இறங்கின. மறுபடியும் அதே கேள்வி, அதே பதில்.

மண்சரிவுக்கு மழை மட்டும் காரணம் அல்ல. மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பாறைத்தளத்தின்மேல் தேங்கும்போது மண்ணின் பிடி தளர்கிறது. சரிவின் மேல்பகுதியில் கான் ஓடினால் தண்ணீரின் ஒரு பகுதி உள்ளே இறங்காமலே வெளியேறும். எல்லாச் சரிவையும் கான் தடுத்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு நாளில் ஒரு மாதத்து மழை கொட்டினால் எந்தக் கானும் போதாது. ஆனால் அடைபட்ட கானில் தேங்கும் தண்ணீர் மலைக்குள்தான் போகும். வேலையாள் குறைந்ததைச் செலவு குறைந்ததாக எழுதும் கணக்கில் இந்தத் தண்ணீருக்கு இடமே இல்லை.

இப்போது சில தோட்டங்களில் புதிய ஏற்பாடு வந்திருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு செடி என்று பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கம்பனியே நிறைக்கு வாங்கிக்கொள்கிறது. நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏற்கெனவே சிறுதோட்டக்காரர்களிடமிருந்துதான் வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் தென்பகுதியின் சிங்களக் கிராமத்தவர்கள். சொந்த நிலத்தில் தேயிலை செழிக்கும் என்பதற்கு அவர்களே சாட்சி. என் மாமா ஒருவருக்கும் இப்படிச் செடி கிடைத்தது. அவர் கையில் மலை ஆறே மாதத்தில் பச்சை பிடித்தது. மானாப்புல் போனது, கவ்வாத்து நடந்தது, செத்த தூர்களின் இடத்தில் புதுக்கன்று நின்றது. மாலையில் பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு செடி செடியாகக் காட்டுவார்.

கானை மட்டும் அவர் தொடவில்லை. ஏன் மாமா என்று கேட்டேன்.

“கான் வெட்ட ஒரு மாதம் போகும், தம்பி. அதன் பலன் ஐந்தாறு வருடம் கழித்துத்தான் தெரியும். இந்தச் செடியை எனக்கு எத்தனை வருடத்துக்குத் தந்திருக்கிறார்கள் என்று காகிதத்தில் இல்லையே.”

பிறகு என்னை லயத்துக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். காம்பராக்களின் கூரைக்கு நேர் மேலே, சரிவின் குறுக்கே, ஒரே ஒரு கான். மண் அள்ளி, கரை தட்டி, குழிகள் புதிதாக வெட்டப்பட்டிருந்தன. யாரும் பேர் போடாத வேலை. ஒவ்வொரு மே மாதமும் லயத்து ஆண்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து இதைச் செய்கிறார்கள் என்றார். மண்வெட்டியை நட்டுவைத்து, பிடியின் மேலாக எதிர்மலையைப் பார்த்து, வாட்டம் சரிதானா என்று எனக்கும் காட்டினார்.